இடது கையில் கொடுத்த ஸ்கார்ஃப்

போன வருடம் ஆடி மாதம் நடந்தது இது. ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனிக்கு ஆள் ஏற்றி இறக்கும் பஸ்ஸை நான் ஓட்டுகிறேன். விடியற்காலையில் ஸ்ரீபெரும்புதூரில் ஏற்றி வல்லம் வடகாலில் இறக்குவேன். மத்தியானம் முதல் ஷிப்ட் விட்டதும் அதே ஆட்களைத் திருப்பிக் கொண்டுவந்து விடுவேன். எட்டாவதோடு என் படிப்பு முடிந்துவிட்டது. அதற்கப்புறம் நான் படித்ததெல்லாம் பஸ்ஸில் ஏறுகிறவர்களின் வாயிலிருந்துதான். யாராவது நல்லதாக ஒரு வார்த்தை சொன்னால் சிக்னலில் நிற்கும்போது டிரிப் ஷீட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்வேன். முன் சீட்டில் உட்கார்ந்து வரும் உள்ளூர்ப் பெண் ஒருத்தி, "ஓ.டி. காசு ஜுரம் மாதிரிண்ணே, சூடு தெரியறதுக்குள்ள எறங்கிடுது" என்று சொன்னதை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

என் மகள் படிக்கும் பள்ளியில் ஒரு சாரணர் படை உண்டு. ஆணும் பெண்ணுமாகப் பிள்ளைகள் ஞாயிறு காலையில் மைதானத்தில் கூடுவார்கள். பெற்றோர் பக்கத்திலிருந்து நானும் போய் நிற்பேன். தண்ணீர் கேன் தூக்க, கயிறு பிடிக்க ஓர் ஆள் வேண்டுமே. போகப்போக அவர்கள் பழக்கமெல்லாம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. அதில் இரண்டு ரொம்பப் பிடிக்கும். காலையில் கழுத்து ஸ்கார்ஃபின் நுனியில் சின்னதாக ஒரு முடிச்சுப் போட்டுக்கொள்வார்கள். அன்றைக்கு யாருக்காவது ஒரு நல்லது செய்த பிறகுதான் அதை அவிழ்க்க வேண்டும். என்ன செய்தோம் என்று யாரிடமும் சொல்லக் கூடாது. இன்னொன்று, ஒருவருக்கொருவர் இடது கையால்தான் கைகுலுக்குவார்கள். நெஞ்சுக்குப் பக்கத்தில் இருக்கும் கை அது என்பார் படையைப் பார்த்துக்கொள்ளும் டீச்சர். இடது கையால் டீ டம்ளரை நீட்டினாலே முகத்தைச் சுளிக்கிற ஊர் நம்முடையது. எனக்கு அது அதிசயமாகவே இருந்தது.

அந்த வருடம் படையில் இரண்டு மாற்றங்கள் வந்தன. அதுவரை முகாம் என்றால் பையன்கள்தான் கூடாரத்தில் தங்குவார்கள். பெண் பிள்ளைகளைச் சாயங்காலமே வேனில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இனி அவர்களும் மூன்று நாளும் தங்கலாம் என்றார்கள். கூடவே வருடச் சந்தா கிட்டத்தட்ட மூன்று மடங்காக ஏறியது. புதுப் புத்தகம், இன்ஷூரன்ஸ், முகாமுக்குப் பெண் பயிற்சியாளர்கள் என்று காரணம் எல்லாம் நியாயமாகத்தான் இருந்தது. ஆனாலும் நல்ல சேதியும் கெட்ட சேதியும் ஒரே தாளில் வந்ததால், எதற்கு முகம் மலர்வது, எதற்கு வாடுவது என்று பெற்றோருக்குத் தெரியவில்லை.

என் மகள் இருக்கும் அணிக்குத் தலைவி, எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண். திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். அவள் அப்பா கான்ட்ராக்ட் வேலையில் இருக்கிறார். என் பஸ்ஸில்தான் வருவார். முந்தின வருட முகாமில் கூடாரத்து முளை ஒவ்வொன்றையும் அவள்தான் ஆட்டிப் பார்த்து இறுக்கினாள். இறுக்கிவிட்டுச் சாயங்காலம் வேனில் ஏறும்போது, "நாங்க அடிச்ச கூடாரத்துல நாங்க படுக்கக் கூடாதா மாமா?" என்று என்னிடம் கேட்டாள். அதனால் புது விதி வந்ததும் எனக்கு முதலில் அவள் முகம்தான் ஞாபகத்துக்கு வந்தது. முகாமுக்கு இன்னும் ஒன்றரை மாதம் இருக்கும்போதே போர்வையைக் கயிறு போட்டுச் சுருட்டி வைத்துவிட்டாள் என்று என் மகள் சொன்னாள்.

டீச்சர் என்னிடம் ஒரு கட்டுத் தாளைக் கொடுத்தார். பெற்றோரில் பாதிப் பேர் என் பஸ்ஸில்தானே வருகிறார்கள். "இதை மட்டும் குடுத்துடுங்க. கட்ட முடியாதவங்க இருந்தா என்னைத் தனியா வந்து பாக்கச் சொல்லுங்க" என்றார். தனியாக என்ற அந்த ஒரு வார்த்தையைத்தான் நான் மைதானத்திலேயே விட்டுவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை மத்தியானம் கம்பெனி வாசலில் எல்லோரும் ஏறி உட்கார்ந்ததும் தாளைக் கொடுத்தேன். எங்கள் பஸ்ஸில் நிரந்தர ஆட்கள் நீலச் சட்டை, கான்ட்ராக்ட் ஆட்கள் சாம்பல் சட்டை. நீலம் முன்னால், சாம்பல் பின்னால். யாரும் சொல்லி வைத்ததில்லை, அப்படியே பழகிவிட்டது. தாளைப் படித்ததும் பஸ்ஸுக்குள் முனகல் கிளம்பியது. எனக்கு மனசு கேட்கவில்லை. ஸ்டியரிங்கில் உட்கார்ந்தபடியே, "யாரும் கவலப்படாதீங்க. கட்ட முடியாதவங்க கைய தூக்குங்க. டீச்சராண்ட நான் பேசிக்கறேன்" என்றேன்.

சொல்லிவிட்டுத் தலைக்கு மேலே இருக்கும் உள்கண்ணாடியில் பார்த்தேன். எல்லோரையும் பார்த்திருக்கலாம். என் கண் நேராகப் போய் அந்தத் திருநெல்வேலிக்காரரின் சாம்பல் சட்டையில் நின்றது. அவர் பெண் முகாமுக்குப் போயாக வேண்டுமே என்ற நினைப்பு எனக்கு. நான் எங்கே பார்க்கிறேன் என்று முன்னாலிருந்தவர்கள் திரும்பினார்கள். அவர்களைப் பார்த்து மற்றவர்கள் திரும்பினார்கள். அவர் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். ஒரு கையும் உயரவில்லை. நான் வண்டியை எடுத்தேன். அன்றைக்கு அவர் தன் நிறுத்தத்துக்கு ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கிக்கொண்டார். அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. பாவம், கூச்சப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் அந்தப் பெண் சீருடை இல்லாமல், வீட்டுச் சுடிதாரில் வந்தாள். துவைத்து இஸ்திரி போட்டு நாலாக மடித்த ஸ்கார்ஃபை என்னிடம் நீட்டினாள்.

"டீச்சர்ட்ட குடுத்துருங்க மாமா."

"ஏம்மா?"

"ஞாயித்துக்கெழம டியூஷன் வச்சுட்டாவ."

கண்ணைப் பார்க்காமல் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். ஸ்கார்ஃபின் நுனியில் முடிச்சு அவிழ்க்கப்பட்டிருந்தது. முடிச்சு இருந்த இடத்தின் சுருக்கம் மட்டும் இஸ்திரிப் பெட்டிக்கும் மசியாமல் நின்றது. அவள் தலை மறைந்ததும் என் மகள், "பசங்கல்லாம் அவள 'ஓசிக் கூடாரம்'னு கூப்பிடறாங்கப்பா. நீதான் அவங்களுக்குக் காசு கட்டறியாமே" என்றாள்.

நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று மறுநாள் முன் சீட்டுப் பெண்ணிடம் புலம்பினேன். அவள் டிபன் பையை மடியில் வைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னாள்: "வாயால எங்க சொன்ன, கண்ணால சொன்ன. அண்ணே, நீ ரோட்ட பாத்து ஓட்டு, போதும். எங்கள பாத்து ஓட்டாத."

அந்த வார்த்தையை நான் டிரிப் ஷீட்டில் எழுதவில்லை. எழுதாமலே நின்றுவிட்டது.

சாயங்காலம் டீச்சரைப் பார்க்கப் போனேன். என் மகளின் சந்தாவுக்கு எடுத்து வைத்திருந்த பணம் சட்டைப் பையில் இருந்தது. நான் இன்னும் கட்டியிருக்கவில்லை, தேதி இருக்கிறதே என்று விட்டிருந்தேன். இதை முதலில் அந்தப் பெண்ணுக்குக் கட்டிவிடுவோம், யாருக்கும் தெரியவேண்டாம் என்பது என் கணக்கு. டீச்சர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அவ பேருக்கா? பொண்ணு வீட்ல போய்ச் சொன்ன அன்னிக்கே, நீங்க தாள் குடுக்கறதுக்கு முன்னாடியே அவங்க அப்பா வந்து கட்டிட்டாரே. மொத ஆளே அவர்தான்" என்றார்.

பணத்தைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே வந்தது மட்டும்தான் ஞாபகம்.

நேராக அவர் வீட்டுக்குப் போனேன். ஒரே வரிசையில் எட்டு வாசல் இருக்கும் வாடகை வீடு. அவர் வாசலில் நின்று கொடியிலிருந்த சாம்பல் சட்டையை எடுத்துக்கொண்டிருந்தார். "வாங்க அண்ணாச்சி" என்று ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். கோபமாகப் பேசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"கட்டிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே தம்பி" என்றேன்.

அவர் பக்கத்து வாசலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "சொல்லத்தான் வாயத் தொறந்தேன். எம் பக்கத்துல இருந்தவன் இந்த அடுத்த வீட்டுக்காரன்தான். அவன் கையப் பாத்துட்டேன். ரெண்டு கையையும் தொடைக்கு அடியில குடுத்து உக்காந்திருந்தான். அவன் பையனும் படையிலதான இருக்கான். நான் கட்டிட்டேம்னு சொன்னா, பொறவு எல்லாரு கண்ணும் பக்கத்துல அவன் மேலல்லா திரும்பும்."

கண்ணாடியில் அந்தச் சீட்டை அவ்வளவு நேரம் பார்த்தவன் நான். அந்தக் கைகளை நான் பார்க்கவில்லை.

"சரி, பிள்ளையாவது வரலாமே" என்றேன்.

"நானும் சொன்னேன். 'எங்கப்பா கட்டியாச்சு'ன்னு சொல்லிட்டுப் போ புள்ளன்னு. 'அப்ப அடுத்த வீட்டுப் பையன்தான் ஓசின்னு எல்லாருக்கும் தெரிஞ்சிருமேப்பா'ங்கா. கேக்க மாட்டேங்கா." சட்டையை மடித்தபடியே அவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "போர்வைய மட்டும் இன்னும் அவுக்கல அண்ணாச்சி. சுருட்டுன மேனிக்கே இருக்கு."

வீட்டுக்கு வந்து யோசித்தேன். உண்மையைச் சொன்னால் ஒரு பிள்ளை தலைநிமிரும், இன்னொரு பிள்ளை குனியும். சொல்லாவிட்டால் இவள் முகாம் போச்சு. பையிலிருந்த பணத்தைத் தொட்டுப் பார்த்தபோதுதான் ஒன்று புரிந்தது. அன்றைக்கு பஸ்ஸில் கையைத் தூக்கியிருக்க வேண்டிய முதல் ஆள் நான்.

மறுநாள் மத்தியானம், எல்லோரும் ஏறின பிறகு, வண்டியை எடுக்காமல் எழுந்து நின்றேன். உள்கண்ணாடியைக் கூரையைப் பார்க்கத் திருப்பிவிட்டேன்.

"போன வாரம் கைய தூக்குங்கன்னு சொன்னேன் இல்ல. அது தப்பு. யாரு கட்டினாங்க, யாரு கட்டலன்னு எனக்குத் தெரியாது, தெரியவும் வேணாம். எனக்குத் தெரிஞ்சு கட்டாத ஆளு ஒருத்தன்தான் இந்த பஸ்ல கீறான்" என்று சொல்லி என் கையை உயர்த்தினேன்.

பின்னால் ஒருவர் முதலில் புரிந்துகொண்டு சிரித்தார். முன் சீட்டுப் பெண் விட்டுவைப்பாளா? "இன்னாண்ணே இது, நீயே கட்டாமதான் எங்களாண்ட கை தூக்கச் சொன்னியா? வுடு, பஸ் பூரா துண்டு ஏந்தி உன் பொண்ண அனுப்பி வெக்கிறோம்" என்றாள். பஸ் குலுங்கியது. நீலச் சட்டை, சாம்பல் சட்டை என்று வித்தியாசம் இல்லாமல் எல்லோரும் என்னைப் பார்த்துத்தான் சிரித்தார்கள். அவ்வளவு பேர் ஒன்றாகப் பார்த்தால் உடம்பு எப்படிக் கூசும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நான் விரும்பி நின்றேன், எனக்கே அப்படி. விரும்பாமல் மாட்டிக்கொண்டவருக்கு எப்படி இருந்திருக்கும்? சிரிப்பு அடங்கியதும், "எது பேசணும்னாலும் டீச்சராண்ட தனியா பேசுங்க. நடுவுல நான் வரல" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். இந்தத் தடவை அந்த 'தனியா'வை விடவில்லை.

ஸ்ரீபெரும்புதூரில் அவர் நிறுத்தம் வந்தது. இந்த முறை அவர் தன் நிறுத்தத்திலேயே இறங்க வந்தார். டீச்சரிடம் கொடுக்காமல் டேஷ்போர்டிலேயே வைத்திருந்த ஸ்கார்ஃபை எடுத்து இடது கையால் அவரிடம் நீட்டினேன். பின்னால் இறங்க நின்றவர், "இன்னா டிரைவரே, பீச்சாங்கையில குடுக்கற?" என்றார். அந்த மனிதர் சிரித்தார். அந்தக் குடும்பத்துச் சிரிப்பை அன்றுதான் முழுசாகப் பார்த்தேன். "அது இவிய படைப் பழக்கம். எம் புள்ள வீட்லயும் இப்படித்தான் நீட்டுவா" என்று சொல்லிவிட்டு, அவரும் இடது கையாலேயே ஸ்கார்ஃபோடு என் கையையும் சேர்த்துப் பிடித்துக் குலுக்கினார்.

அந்த ஞாயிறு பையன்களுக்குப் புதுப் பெயர் கிடைத்துவிட்டது. "ஓசி டிரைவர்" என்று என்னைக் கூப்பிட்டார்கள். என் மகளே முதலில் ஆரம்பித்தாள் என்று கேள்வி. போகட்டும் என்று இரண்டு வாரம் அந்தப் பெயரோடே இருந்துவிட்டுக் கடைசித் தேதியில்தான் சந்தா கட்டினேன்.

முகாமுக்குப் பிள்ளைகளை ஏற்றிப் போனதும் நான்தான். லீவு நாளில் கம்பெனி அனுமதியோடு அதே பஸ். அந்தப் பெண் சுருட்டின போர்வையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஏறினாள். அவள் பின்னாலேயே பக்கத்து வாசல் பையனும் ஏறினான். அவனுக்கு யார் கட்டினார்கள், எப்படிக் கட்டினார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. போய்ச் சேர்ந்ததும் கூடாரத்தைச் சுற்றி வந்து முளைகளை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தாள். சாயங்காலம் நான் காலி வண்டியைத் திருப்பும்போது அவள் கூடார வாசலில் உட்கார்ந்திருந்தாள். "நீங்க போங்க மாமா, நாங்க இங்கதான் படுக்கப் போறோம்" என்று கையசைத்தாள். அவள் ஸ்கார்ஃபின் நுனியில் அன்றைக்கும் முடிச்சு இல்லை. யாருக்காக அவிழ்த்தாள் என்று நான் கேட்கவில்லை.

அந்த உள்கண்ணாடியை மறுபடி சரியாகத் திருப்பிவிட்டேன், வண்டிக்கு அது வேண்டும். ஆனால் யாருக்காவது ஏதாவது செய்ய வேண்டும் என்று மனசு துடிக்கும்போதெல்லாம் தொடைக்கு அடியில் ஒளிந்திருந்த அந்த இரண்டு கைகள்தான் முன்னால் வந்து நிற்கின்றன, நானும் ரோட்டைப் பார்த்து ஓட்டுகிறேன்.