யாரோ விரித்த படுக்கை

எந்த அறைக்குள் போனாலும் அண்ணி முதலில் குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்ப்பார். அடுத்து, கதவின் மேல்விளிம்பில் ஒரு விரலை ஓட்டி, அந்த விரலை வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார். இருபத்திரண்டு வருடமாக ஒரு பெரிய விடுதியில் அறை சுத்தம் செய்கிறவர். விரிப்பை ஒரே உதறலில் கட்டில் முழுக்கப் பரப்பிவிடுவார்.

அண்ணன், அண்ணி, நான் மூவரும் இந்தக் கடலோர ஊருக்கு மூன்று நாள் விடுமுறைக்கு வந்தோம். அண்ணிக்குக் கடல்கூட இரண்டாம்பட்சம்தான். "யாரோ விரிச்ச படுக்கையில ஒரே ஒரு தடவை போய்ப் படுக்கணும். அவ்ளோதான் என் ஆசை" என்று புறப்படும்போதே சொல்லியிருந்தார்.

விடுதி அறைக்குள் நுழைந்ததும் விரிப்பில் ஒரு சுருக்கம் அண்ணியின் கண்ணில் பட்டது. முழுவதையும் உருவித் தானே விரித்தார். மறுநாள் பல் விளக்குவதற்கு முன்பே படுக்கை தயார். சுத்தம் செய்ய வந்த பெண் எட்டிப் பார்த்து, வேறு யாரோ முடித்துவிட்டார்கள் என்று நினைத்துப் போய்விட்டாள்.

"ஆடின காலு சும்மா இருக்குமா?" என்று அண்ணன் சிரித்தார்.

மூன்றாம் நாள்தான் கடைசி. நான் வாசலில் நின்று கண்மூடிக் காலைப் பிரார்த்தனையை முடிப்பதற்குள், அண்ணன் படுக்கையைத் தொட விடாமல் அண்ணியை வெளியே நிறுத்திக் கதவைப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"கசங்கின படுக்கையை விட்டுட்டு வர்றது, முகம் கழுவாம தெருவுக்கு வர்ற மாதிரி இருக்குங்க."

"இருக்கட்டும். நட."

படகுத்துறை வழியாக நடந்தோம். கடலைப் பார்த்தால் எனக்குக் கை தானாகக் குவிகிறது. இத்தனை தண்ணீரையும் ஒரு கரைக்குள் நிறுத்தியவனை நினைக்காமல் எப்படி? அண்ணியின் கண்ணோ எதிரே இருந்த விடுதியின் மாடியில் இருந்தது.

"மூணாவது மாடியைப் பாரு. ஈரத்துண்டை மர நாற்காலியில போட்டிருக்கான். மரம் ஊறிப் போகும்."

"கடல் இந்தப் பக்கம் இருக்கு" என்றார் அண்ணன்.

கலங்கரை விளக்கத்தில் பாதி ஏறி மூச்சு வாங்க நின்ற அண்ணி, "இத்தனை படியை யாரு கூட்டறாங்க?" என்று கேட்டார்.

"உன்னைக் கூப்பிடல. ஏறு."

மதியம் தேநீரோடு மணலைப் பார்த்து உட்கார்ந்தோம். அண்ணிக்கு இருப்புக் கொள்ளவில்லை. "அந்தப் பொண்ணு இந்நேரம் அவகிட்ட இருக்கிற சாவியைப் போட்டுத் திறந்திருப்பா. தலையணையில என் முடி கிடக்கும். என்ன நெனைப்பாளோ."

"நீங்க அடுத்தவங்க முடியைப் பொறுக்கும்போது என்ன நெனைப்பீங்க அண்ணி?"

"நெனைக்க நேரம் ஏது? அடுத்த ரூம் காத்துக்கிட்டிருக்கும்."

சாயங்காலம் திரும்பினோம். அண்ணன் பூட்டைத் திறந்து ஒதுங்கி நின்றார். வேறொருத்தி கைபட்ட படுக்கை. தலையணைகள் நிமிர்ந்திருந்தன. கால்மாட்டில் மட்டும் ஒரு மூலை செருகாமல் நாக்கு மாதிரி வெளியே தொங்கியது.

அண்ணி அதைப் பார்த்துவிட்டார். கை நீண்டது. பாதியில் நின்று திரும்பியது.

"கடைசி ரூமா இருந்திருக்கும். கை ஓய்ஞ்சிருக்கும், பாவம்" என்றார் அண்ணி.

செருப்பைக் கழற்றினார். மெல்ல ஏறிப் படுத்தார். இரண்டு கைகளையும் தலையணைக்கு அடியில் நுழைத்து, அதன்மேல் தலையை வைத்து அழுத்திக்கொண்டார்.