வெறும் அழுத்தல்

சத்தம் இல்லாதபோதும் பட்டனை அழுத்துகிறவர்களை அவர்கள் உட்காரும் விதத்திலேயே அவள் கண்டுபிடித்துவிடுவாள். நாற்காலி நுனியில் உட்காருவார்கள். கட்டைவிரல் முன்கூட்டியே பட்டன்மேல் ஏறி நிற்கும்.

ஆஸ்பத்திரியில் காது சோதிக்கிற வேலை அவளுக்கு. பத்தொன்பது வருடமாக அதே மேசை. எல்லோருக்கும் பீப் அக்கா. கனத்த கதவு போட்ட சின்ன அறைக்குள் ஆளை உட்காரவைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, கையில் பட்டனைக் கொடுத்துவிட்டு, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து உட்காருவாள். உள்ளே நாற்காலி சுவரைப் பார்த்துத் திரும்பியிருக்கும். உட்கார்ந்திருப்பவர் கை அவளுக்குத் தெரியும். அவருக்கு அவள் தெரியமாட்டாள். ஒலி கேட்டால் அழுத்த வேண்டும், அவ்வளவுதான். ஒலியைக் குறைத்துக்கொண்டே போவாள். நடுவில் சும்மா விடுவாள், ஒரு சமயம் இரண்டு விநாடி, ஒரு சமயம் பத்து. ஒரே சீராக விட்டால் ஆட்கள் காதை விட்டுவிட்டுத் தாளத்தைப் பிடித்துக்கொள்வார்கள். சும்மா விட்ட நேரத்தில் யாராவது அழுத்தினால் தாளின் ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி. அதற்கு அவள் வைத்திருந்த பெயர் வெறும் அழுத்தல்.

அவள் மகன் வீட்டை விட்டுப் போய் எட்டு மாதம். இருபது வயது. அப்பாவோடு வாய்த்தகராறு. வாசலில் செருப்பை மாட்டும்போது, "போன் பண்றேம்மா" என்றான். பண்ணவில்லை. அவன் போன் அன்றிரவே அணைந்துவிட்டது.

மறுநாளிலிருந்து காலையில் அடுப்புக்கு முன்னால் நின்றபடியே கடவுளிடம் பேசினாள். முதலில் கெஞ்சல். பிறகு பேரம். பிறகு சண்டை. "எங்க இருக்கான்னு ஒரு வார்த்தை சொன்னா உன் வாய் முத்து உதிர்ந்துடுமா?" என்றுகூடக் கேட்டாயிற்று. பால் பொங்கி வழிந்தது. பதில் இல்லை.

பதில் வராத இடத்தில் அவளே பதில் எடுத்துக்கொள்ள ஆரம்பித்தாள். சோதனைக்கு வந்த ஒருத்தி பேச்சுவாக்கில் ஒரு மில் ஊரின் பெயரைச் சொன்னாள். அவளைச் சொல்லவைத்தது யார்? மில் வாசலில் இரண்டு நாள் நின்றுவிட்டுத் திரும்பி வந்தாள். அடுத்து, கனவில் ஒரு ரயில். மூன்று நாள் ஒரு ஜங்ஷனில், பிளாட்பாரம் பிளாட்பாரமாக. அந்த மூன்று நாளில் ஒரு மத்தியானம் அவளுடைய மேசைப் போன் அடித்திருக்கிறது. நர்ஸ் எடுத்து, "அக்கா லீவு" என்றதும் எதிர்முனை வைத்துவிட்டது.

மேசைப் போன் எண் மகனுக்கு மனப்பாடம். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அந்த எண்ணுக்குத்தான் கூப்பிடுவான். "சாப்பாடு எங்கம்மா வச்சிருக்கே?" கண்ணெதிரே மூடி வைத்திருக்கும்.

யாராக வேண்டுமானாலும் இருக்கலாம். இருந்தாலும் அதன்பிறகு அவளுக்குத் தூக்கம் கெட்டது.

இப்போது ஒரு சட்டை. துறைமுக ஊரிலிருந்து நேற்று சோதனைக்கு வந்த ஆள் போட்டிருந்தது. பச்சைக் கட்டம், வெள்ளைக் காலர். மகன் போட்டுக்கொண்டு போனது அதுபோல ஒன்று. அந்த ஊருக்குப் போக ஐந்து மணி பஸ்ஸில் இடம் பிடித்தாயிற்று. காலையில் பயணப் பையின் அறுந்த வாரைத் தைத்துக்கொண்டிருந்தபோது கணவர் பார்த்தார். வீடு வீடாக மின்சார மீட்டர் பார்க்கிற வேலை அவருக்கு.

"சட்டையைப் பார்த்து ஊருக்குப் போறவளை இப்பதான் பார்க்கிறேன்."

"உங்களுக்கென்ன. விரட்டினதே நீங்கதானே."

"ஆமா, நான்தான்." ஷூ கயிற்றைக் கட்டினார். அவிழ்த்தார். மறுபடி கட்டினார். "எட்டு மாசமா வாசக்கதவைத் தாழ்ப்பாள் போடாம படுக்கிறதும் நான்தான்."

அது அவளுக்குத் தெரியாது.

மூன்றரை மணிக்குக் கடைசி ஆள் வந்தார். பஸ் டிரைவர், ஐம்பது தாண்டியவர். லைசென்ஸ் புதுப்பிக்கக் காதுச் சான்று வேண்டும். முதல் சுற்றிலேயே தாளின் ஓரத்தில் பதினேழு புள்ளிகள். அவள் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்தாள்.

"அண்ணே, கேட்டா மட்டும் அழுத்துங்க."

"கேக்குதே."

"நான் ஒண்ணுமே விடலையே."

அவர் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "முப்பது வருஷமா இஞ்சினைப் பக்கத்துல வச்சுக்கிட்டே உக்காந்தவன் மேடம். சத்தம் நின்னா வண்டி நின்னுடுச்சுன்னு அர்த்தம். கை தானா போகுது."

"இப்படியே எழுதிக் கொடுத்தா உங்களுக்குக் காது கேக்கலைன்னுதான் ஆகும்."

"டிப்போவுல டயர் உருட்டச் சொல்வாங்க. வீட்டுல என்னை உருட்டுவாங்க." அவள் சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை. "இன்னொண்ணு. சத்தமே வரலைன்னா நீங்க எழுந்து டீ குடிக்கப் போயிட்டீங்களோன்னு இருக்கு. திரும்பிப் பார்க்கவும் கூடாதுங்கறீங்க."

"சத்தம் விடறப்பவாவது நான் மெஷின் குமிழைப் பார்ப்பேண்ணே. சத்தம் இல்லாதப்ப உங்க கையைத்தான் பார்த்துக்கிட்டிருக்கேன். கண்ணை எடுக்கறதில்லை."

சொன்னபிறகு அவளால் உடனே நகர முடியவில்லை. கதவுப் பிடியைப் பிடித்தபடி நின்றாள்.

"என்ன மேடம்?"

"ஒண்ணுமில்லை. மாட்டிக்குங்க. விரலைத் தூக்கி வச்சுக்குங்க. நான் இருக்கேன். நம்பித்தான் ஆகணும், வேற வழியில்லை."

இரண்டாவது சுற்றில் வேண்டுமென்றே ஒரு நீண்ட இடைவெளி விட்டாள். பன்னிரண்டு விநாடி. அவர் கட்டைவிரல் பட்டனுக்கு அருகில் போய்த் திரும்பியது, இறங்கவில்லை. பிறகு மிக மெல்லிய ஒலி ஒன்று. அழுத்தினார். இரண்டே புள்ளிகளில் முடிந்தது. வலது காது கொஞ்சம் மந்தம், சான்றுக்குக் குறைவில்லை. வரைபடத்தில் வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி என்று வரைந்து, கையெழுத்துக்கு டாக்டரிடம் அனுப்பினாள்.

போகும்போது அவர் கண்ணாடியைத் தட்டினார். "டீ குடிக்கப் போகலையே?"

"போகலை."

நாலேகால். மேசைக்கடியில் பை காலில் இடித்தது. இந்த டிரைவர் இன்றைக்கு வந்ததுகூட ஓர் அடையாளமோ என்று மனம் தாவியது. பென்சிலை எடுத்து, கையில் கிடைத்த தாளின் ஓரத்தில் அதற்கு ஒரு புள்ளி வைத்தாள். சட்டைக்கு ஒன்று. ரயிலுக்கு ஒன்று. மில்லுக்கு ஒன்று.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காலி நாற்காலி. "இருக்கியா?" என்று கடவுளைக் கேட்டாள், டிரைவர் கேட்ட அதே சந்தேகத்தோடு. எதுவும் வரவில்லை. அவள் நாற்காலியில் பின்னால் சாய்ந்து உட்கார முயன்றாள். முடியவில்லை, மறுபடி நுனிக்கு வந்தாள். மறுபடி சாய்ந்தாள்.

நாலே முக்காலுக்குத் தன் கைபேசியில் கணவரைக் கூப்பிட்டாள்.

"நான் போகலை."

"ஏன், வேற சட்டை பார்த்தியா?"

"இல்லை. ஒண்ணும் பார்க்கலை."

அவர் யார் வீட்டு மீட்டருக்கு முன்னாலோ நின்றுகொண்டிருந்தார். நாய் ஒன்று விடாமல் குரைத்தது. "சரி," என்றார். "தாழ்ப்பாள் போட மாட்டேன். நீயும் போடாதே."

ஐந்து மணி ஆயிற்று. ஐந்து ஐந்து. மேசைப் போன் தன் இடத்தில் இருந்தது. அவள் கட்டைவிரல் மேசை விளிம்பில் துடித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். தன் விரலை வேறு யாரோ ஒருவரும் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பது போல, அதைக் கொஞ்சம் தூக்கிவைத்துக்கொண்டாள்.