பேரிங் விழும் சத்தம்

மூன்றாம் வகுப்பைத் தாண்டாத நான் இன்று ஒரகடத்தில் சொந்தமாக மெக்கானிக் கடை வைத்திருக்கிறேன். என் கைக்கு மசியாத பேரிங் இந்தப் பக்கத்தில் கிடையாது. ஆனால் இன்று காலை என் வீட்டுச் சமையலறையிலிருந்து, சூடேறும் இன்ஜின் கூட்டின் கருகிய எண்ணெய் வாசனை வந்ததும், வடக்குப்பட்டில் நாங்கள் இருந்த ஓலைக் குடிசைக்குள் போய் நின்றுவிட்டேன்.

அப்பாவும் மெக்கானிக்தான். இன்ஜின் கூட்டுக்குள் இறுகிய பேரிங்கை அவர் சுத்தியலால் அடிக்கமாட்டார், கூடு விரிசல் விடும் என்பார். அம்மாவின் மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் கூட்டை வைத்து, சூடு பார்க்கத் தொட்டுவைத்த எச்சில் சுர்ரென்றதும் சாக்குத் துணியால் பிடித்துப் பலகைமேல் கவிழ்த்தால், சூட்டில் விரிந்த கூட்டிலிருந்து பேரிங் தானாக டொக்கென்று விழும், அந்தச் சத்தம் கேட்கும்வரை அம்மா தண்ணீர்க் குடத்தோடு வாசலிலேயே நிற்பாள்.

"இன்னாடி, வூட்டைக் கொளுத்திடுவேன்னு பாக்குறியா?"

"அந்த ஸ்டவ்வுலதான் சோறு ஆக்கணும், அதான் பாக்குறேன்."

ஒருநாள் கூட்டைப் பெட்ரோலில் கழுவி, மேலாகத் துடைத்துவிட்டு ஸ்டவ்வில் வைத்தார். எண்ணெய் ஓடும் துளைகளுக்குள் பெட்ரோல் தங்கியிருந்தது. நாங்கள் காத்திருந்த டொக் வரவில்லை, குப்பென்று ஒரு சத்தம்தான் வந்தது. ஒரு குடம் தண்ணீர் ஓலைக்குப் போதவில்லை. அப்பா வெளியே வரவில்லை. அந்த இடத்தில் இப்போது கம்பெனிக் கார்கள் வரிசையாக நிற்கின்றன.

சமையலறைக்குப் போனேன். என் மகன் காஸ் அடுப்பில் கூட்டைத் திருப்பிக்கொண்டிருந்தான்.

"எதுலடா கழுவுன?"

"பெட்ரோல்லதான்ப்பா. தொடச்சிட்டேன்."

கையை நீட்டிக் காஸை மூடினேன். "தொடச்சிட்டேன்." அப்பா அம்மாவிடம் கடைசியாகச் சொன்னதும் அதுதான்.