கிளாரா அக்காவின் கரும்பச்சைப் பாசி

செவ்வாய்க்கிழமை காலை ஆய்வகத்தைத் திறந்துகொண்டிருந்தபோது கிளாரா அக்காவின் கணவர் போன் செய்தார். "அவ போயிட்டாப்பா" என்றார்.

பன்னிரண்டு ஆண்டுகள் ஒரே அறையில் வேலை பார்த்தோம். அக்கா சாரம் பகுதியிலிருந்து ஸ்கூட்டரில் வருவார். நான் முதல் வாரமே ஒரு குடுவையை உடைத்தேன். "இது கையா, உலக்கையா?" என்று கேட்டவர், மதியம் தன் டப்பாவிலிருந்து வறுத்த மீனை எடுத்து என் தட்டில் வைத்தார்.

கடல்நீரில் வாழும் நுண்பாசிகளை வளர்ப்பது எங்கள் வேலை. அவற்றில் ஒன்றை அக்காவே முகத்துவாரத்து நீரிலிருந்து பிரித்தெடுத்திருந்தார். இரண்டே குடுவைகள், வேறெங்கும் அது கிடையாது. மூன்று மடிப்புத் துணி சுற்றி மங்கலில் வைத்திருப்பார். வெளிச்சம் குறைந்தால் பாசி நிறமியைக் கூட்டிக்கொண்டு, கிடைக்கிற துளி ஒளியையும் பிடித்துக் கறுத்துப்போகும். வெளிச்சம் கூடினால் நிறமியைக் குறைத்துக்கொள்ளும். மிஞ்சிய ஒளியை வெப்பமாக வெளியே தள்ளும். அதற்குப் பழக நாள் வேண்டும். "பட்டினி கெடந்தவன் முன்னால விருந்த கொட்டாத. ஒவ்வொரு மடிப்பா எடு" என்பார்.

மார்கழியில் அக்கா மருத்துவமனையில் சேர்ந்தார். குடுவைகள் என் பொறுப்பாயின. அவர் திரும்பும்போது பாசி பெருகி நிற்கட்டுமென்று, என் அதிமேதாவித்தனத்தில், மூன்று மடிப்பையும் ஒரே நாளில் எடுத்து விளக்கின் கீழ் வைத்தேன். நான்காம் நாள் இரண்டும் வெளுத்திருந்தன. மறுபடி மூடினேன். புதுக் கடல்நீருக்கு மாற்றினேன். ஐயோ, என்ன செய்தும் பச்சை திரும்பவில்லை.

அந்த வாரமே அக்கா போட்டோ கேட்டார். வெளிச்சத்திலேயே வளர்ந்த பக்கத்து அலமாரிப் பாசியைப் படமெடுத்து அனுப்பினேன். "நல்லா இருக்குடா" என்று பதில் வந்தது. வெட்கங்கெட்டவன், அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

அடக்கம் முடிந்ததும் அவர் கணவரிடம் உண்மையைச் சொல்லிவிடப் போனேன். நான் வாயெடுப்பதற்குள் அவரே பேசினார்.

"போட்டோவ பாத்ததுமே சொன்னாப்பா. இது வேற பாசி, நம்ம பாசி இவ்ளோ வெளுப்பா இருக்காது, அது செத்துப்போச்சு போல, பையன் பயந்துட்டான், அவன ஒண்ணும் கேக்காதீங்கன்னா." பிறகு, "அன்னிக்கு பூரா அவ சாப்பிடல" என்றார்.

அக்கா, ஒரு வார்த்தை திட்டியிருக்கலாமே. மன்னிப்புக் கேட்க இப்போது யாரிடம் போவேன்? தினமும் அந்த இரண்டு குடுவைகளையும் தூக்கிப் பார்க்கிறேன். தண்ணீர்தான் தெரிகிறது. போய் வாருங்கள்.