பன்னிரண்டு பாட்டு, பதின்மூன்று பேர்

போன வாரம் விளாத்திகுளத்திலிருந்து கோவில்பட்டிக்கு வந்த பஸ்ஸில் ஒரு காலேஜ் பிள்ளை என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. காதில் மாட்டியிருந்த வயர் எப்படியோ கழன்று, போனிலிருந்து டிரம்ஸ் சத்தம் பஸ் முழுக்கக் கொட்டியது. நாலே நாலு அடிதான். பாடுகிறவன் இன்னும் வாயைத் திறக்கவில்லை. அதற்குள் எனக்குக் கையெல்லாம் புல்லரித்துவிட்டது. "ஏ, கதவு தட்டுற பாட்டு!" என்று நான் போட்ட சத்தத்தில் கண்டக்டரே திரும்பிப் பார்த்தார்.

மடியில் மிளகாய் வத்தல் பையை வைத்திருக்கிற பொம்பளைக்கு இங்கிலீஷ் ராக் பாட்டில் என்ன சோலி என்று அந்தப் பிள்ளை நினைத்திருக்கும். "ஆன்ட்டி, இந்த பேண்ட் உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டது. தெரியுமாவா! அந்தக் குழுவின் பேர் இன்றைக்கும் என் வாயில் நுழையாது. ஆனால் அவர்களுடைய பன்னிரண்டு பாட்டை வரிசை மாறாமல், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஒரு பாட்டு முடிந்தால் போதும், அடுத்த பாட்டின் முதல் சத்தம் என் தலைக்குள் தானாக வந்து நிற்கும். உங்களுக்கும் அப்படி ஒரு கேசட் இருந்திருக்கும், இல்லாமலா? அந்தப் பிள்ளை நல்ல பிள்ளை. எட்டயபுரம் தாண்டுவதற்குள் அவர்களுடைய பாட்டுத் தொகுப்பு ஒன்றை என் போனில் ஏற்றிக் கொடுத்துவிட்டது.

நான் அந்தக் கேசட்டைக் கேட்டது தீப்பெட்டி ஆபீஸில். ஆபீஸ் என்றதும் நாற்காலி, மேஜை என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் ஊரில் தீப்பெட்டித் தொழிற்சாலைக்குப் பேரே ஆபீஸ்தான். பிளஸ் டூவில் கணக்கைக் கோட்டை விட்டுவிட்டு, ரெண்டு வருஷம் வீட்டில் பேச்சு வாங்கி, கடைசியில் "நானும் ஆபீஸுக்குப் போறேன்" என்று தலை நிமிர்த்திச் சொல்லிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். நீளமான ஓட்டுக் கொட்டகை. சுவரோரம் வரிசையாக உட்கார்ந்து பெட்டிக்கு லேபிள் ஒட்ட நாங்கள் பன்னிரண்டு பேர். மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்திருக்கும். அந்த வாசம் விரலில் ஏறினால் சோப்புப் போட்டாலும் போகாது. இன்றைக்கும் போஸ்டர் ஒட்டுகிறவன் பசை வாளியோடு கடந்து போனால் எனக்கு முதலில் முதுகு வலிக்கும், அப்புறம் பாட்டுக் கேட்கும்.

கேசட்டைக் கொண்டுவந்தது தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை பார்த்த என் அத்தான், அத்தை மகன். கப்பல் சாமான் விற்கிற கடையில் வாங்கினாராம். "மத்தத விடு, கடைசிப் பாட்ட மட்டும் நல்லாக் கேளு" என்று சொல்லி என் கையில் கொடுத்தார். எதற்குக் கடைசிப் பாட்டு, எதற்கு என்னிடம் என்று அந்த வயதில் நான் என்னென்னவோ நினைத்துக்கொண்டேன். அவர் மறு வருஷமே தூத்துக்குடியில் பெண் எடுத்துவிட்டார். கல்யாணத்தில் வாசலில் நின்று சந்தனம் கொடுத்தது நான்தான். அதை விடுங்கள்.

அட்டையில் நாலு ஆம்பளைகள். நாலு பேருக்கும் எங்களைவிட நீளமான முடி. ஒருத்தனுக்குச் சட்டை இல்லை. எங்கள் வரிசையிலேயே மூத்தவர் காளியம்மக்கா. வத்தல் காட்டிலேயே பிறந்து வளர்ந்தவர். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்னட்டி எழுதியிருக்கு?" என்றார்.

"கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்க்கா. இவிய இத்தன வருசமாப் பாடுனதுல நல்ல பாட்டா மட்டும் பொறுக்கி எடுத்துப் போட்டிருக்காவ."

"அப்ப சோடையெல்லாம் கழிச்சாச்சுன்னு சொல்லு."

"ஆமாக்கா."

"ஒண்ணுகூட சோடை இருக்காதா? பாப்போம், போடு."

வத்தலைக் களத்தில் கொட்டி, வெளுத்துப் போன சோடையைப் பொறுக்கி எறிந்து பழகிய கண்ணுக்கு அந்தக் கேசட்டின் மகிமை ஒரே நொடியில் புரிந்துவிட்டது. எனக்குத்தான் புரிய ஒரு வாரம் ஆனது. சினிமா கேசட்டில் ஒரு நல்ல பாட்டுக்காக மூணு சுமாரைச் சகித்துக்கொண்டிருப்போம். இதில் சகிக்கிற வேலையே இல்லை. ஒன்று முடிந்து மூச்சு விடுவதற்குள் அடுத்தது வந்து பிடித்துக்கொள்ளும். மேற்பார்வை பார்க்கிற சுந்தரம் அண்ணாச்சியின் டேப்பில்தான் போட்டோம். முதல் நாள் அவர், "என்ன எழவு இது, தகர டப்பாவ உருட்டி விட்ட மாதிரி" என்று காதைப் பொத்தினார். நாலாம் நாள் அவர் கால் பெருவிரல் தாளம் போடுவதை நாங்கள் எல்லோருமே பார்த்தோம். யாரும் சொல்லவில்லை. சொன்னால் நிறுத்திவிடுவார்.

இங்கிலீஷ் பேர் யாருக்கு வேண்டும்? நாங்களே பேர் வைத்தோம். கதவு தட்டுற பாட்டு. மணியாச்சி ஜங்ஷன் ரயில் மாதிரி மெதுவாகக் கிளம்பி, போகப்போகத் தடதடவென்று ஓடுவது மணியாச்சிப் பாட்டு. ஆடு விரட்டுற பாட்டு. ஒப்பாரி. மணியாச்சிப் பாட்டு வந்த ஒரு நாள் காளியம்மக்கா, "ஏய், இது எம் பாட்டு, நான் கேக்கணும்" என்று பசைக் கையைத் தூக்கிவிட்டு, சுவரில் சாய்ந்து காலை நீட்டிவிட்டார். ஒட்டிய பெட்டியைத் தட்டில் எண்ணித்தான் கூலி. அவர் தட்டு காலியாகக் கிடக்கக் கூடாதே என்று வலது பக்கம் ஒருத்தியும் இடது பக்கம் ஒருத்தியும் ஆளுக்கு ரெண்டு பெட்டியை அதில் போட்டார்கள். அன்றைக்கு விழுந்தது அந்தச் சட்டம். பன்னிரண்டு பேர், பன்னிரண்டு பாட்டு. உன் பாட்டு வந்தால் நீ கேட்கலாம். உன் தட்டைப் பக்கத்து ஆள்கள் பார்த்துக்கொள்வார்கள். காலையில் ஒரு தரம், சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தரம். முதுகெலும்பு ஒவ்வொன்றாக நெட்டி முறியும் சுகம் இருக்கிறதே, ராஜபோகம்!

கேசட் என்னுடையது என்பதால் கடைசிப் பாட்டை நானே வளைத்துப் போட்டேன். இருக்கிறதிலேயே நீளமான பாட்டு, ஏழு நிமிஷம். முன்பாதி முழுக்க ஒரே ஒரு கிதாரும் ஒரு குரலும் கொஞ்சிக்கொண்டிருக்கும். நடுவில் ஒரு நிமிஷம் எல்லாம் அடங்கும். அப்புறம் டிரம்ஸ் இறங்கும் பாருங்கள், ஓடெல்லாம் அதிரும். கண்ணை மூடிச் சாய்ந்து, அத்தான் எனக்கென்றே பாடச் சொன்ன மாதிரி கேட்டுக்கொண்டிருப்பேன். இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது.

அப்போதுதான் பொன்னுத்தாயக்கா வந்து சேர்ந்தார். புதூர்ப் பக்கத்து ஊர். புருஷன் வெளியூரில் வேலைக்கு நின்றார். அக்காவுக்கு ஏழு மாசம். என் வலது கைப்பக்கம் இடம் போட்டுக் கொடுத்தார் அண்ணாச்சி. வயிற்றை ஒருக்களித்து வைத்துக்கொண்டு, எங்களுக்குச் சமமாக ஒட்டினார். பதின்மூணாவது ஆள். பாட்டோ பன்னிரண்டுதான்.

"சும்மா சாஞ்சிக்கோக்கா, நாங்க பாத்துக்கிடுதோம்" என்றால் கேட்க மாட்டார். "எம் பாட்டுன்னு ஒண்ணு வரலயே. வராம எப்படிச் சாய?" என்பார். அவருக்கு ரோஷம்.

காளியம்மக்கா என்னைப் பார்த்தார். "ஏட்டி, ஒம் பாட்டு நீளமாத்தான கெடக்கு. பாதிய அவளுக்குக் குடேன்."

எனக்குச் சுள்ளென்று வந்துவிட்டது. "ஏன், ஒங்க மணியாச்சியக் குடுங்களேன்! இது எங்க அத்தான் வாங்கிக் குடுத்த கேசட்டு."

காளியம்மக்கா குனிந்து அடுத்த லேபிளுக்குப் பசை தடவினார். அவருடைய பாட்டு மூணு நிமிஷம்கூட வராது. பொன்னுத்தாயக்காதான், "விடுங்க, புள்ள ஆசையாக் கேக்குது" என்று எனக்குப் பரிந்து பேசினார். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. நான் அப்படிப்பட்ட கழுதையாகத்தான் இருந்தேன், மறைப்பானேன்?

ரெண்டு வாரம் போயிருக்கும். நல்ல வெயில், கரிசல் புழுக்கம். மத்தியானம் என் பாட்டு வந்தது. சாய்ந்து கண்ணை மூடினேன். முன்பாதி முடிந்து, அந்த ஒரு நிமிஷ அமைதி வந்தது. மற்ற நாளெல்லாம் அந்த அமைதியில் கண்ணைத் திறக்க மாட்டேன். அன்றைக்கு என் தட்டில் பெட்டி விழுகிற சத்தம் கேட்டுத் திறந்துவிட்டேன். பொன்னுத்தாயக்கா ஒரு கையை இடுப்பில் ஊன்றி, எட்டி, என் தட்டில் பெட்டி போட்டுக்கொண்டிருந்தார். மூக்கு நுனியில் வேர்வை. நான் இளம்பிள்ளை, திண்டு மாதிரி சாய்ந்து கிடக்கிறேன். வயிற்றுப்பிள்ளைக்காரி எனக்கு வேலை செய்கிறார். வெட்கம் என்றால் அப்படி ஒரு வெட்கம், இன்று வரை எனக்கு வந்ததில்லை.

நிமிர்ந்து உட்கார்ந்து, அவர் கையிலிருந்த லேபிளைப் பிடுங்கினேன். "அக்கா, இனி ஒனக்கு. சாயி."

"பாட்டு இன்னும் முடியலயே தங்கச்சி."

"எனக்கு முடிஞ்சிட்டு. மிச்சம் ஒன் பாட்டு."

சொல்லி வாயை மூடவில்லை, டிரம்ஸ் இறங்கிவிட்டது. அக்கா மெல்லச் சுவரில் சாய்ந்து, ரெண்டு காலையும் நீட்டி, அம்மாடி என்று ஒரு பெருமூச்சு விட்டார். அடுத்த நிமிஷம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கத்தினார். "ஏ, இங்கன கை வச்சிப் பாருங்க, உள்ள பய ஆடுதான்! தாளம் தப்பாம ஆடுதான்!"

பன்னிரண்டு பேரும் பசைக் கையோடு ஓடினோம். புறங்கையை வைத்துத்தான் பார்த்தோம், சேலையில் பசை ஆகுமே. ஆமாம், ஆடினான்! நாங்கள் கத்திய கத்தலில் பாட்டே கேட்கவில்லை. சுந்தரம் அண்ணாச்சி, "அங்க என்ன கூத்து?" என்று அதட்டிக்கொண்டே வந்து, விஷயம் தெரிந்ததும் திரும்பிப் போய் டேப்பில் சத்தத்தைக் கூட்டிவிட்டார். அன்றிலிருந்து ஒரு மாசத்துக்கும் மேல், தினம் ரெண்டு தரம், அந்தப் பின்பாதியில் ஒருத்தனுக்கு ஆட்டம், எங்களுக்குக் கொண்டாட்டம்.

பேறுகாலத்துக்கு அக்கா அம்மா வீட்டுக்குப் போனார். அங்கிருந்து புருஷன் திருப்பூருக்குக் கூட்டிப் போய்விட்டதாகச் சொன்னார்கள். பிறந்தது ஆணா பெண்ணா என்றுகூட எங்களுக்குச் சரியாகத் தகவல் வரவில்லை. கேசட்டை அண்ணாச்சியின் டேப் ஒரு நாள் மென்று துப்பியது. கொஞ்ச வருஷத்தில் மிஷின் வந்தது. வரிசை கலைந்து ஆளுக்கொரு பக்கம் போனோம். காளியம்மக்காவும் போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது போனில் இருக்கிற தொகுப்பில் முப்பதுக்கு மேல் பாட்டு. சோடையும் சேர்த்துக் கொட்டியிருக்கிறான்.

நேற்று மத்தியானம் வீட்டில் தனியாக இருந்தேன். அந்த ஏழு நிமிஷப் பாட்டைத் தேடிப் போட்டு, சுவரில் சாய்ந்து காலை நீட்டினேன். முன்பாதி முடிந்து சத்தம் அடங்கியதும் என் முதுகு தானாகச் சுவரை விட்டு நிமிர்ந்துவிட்டது. டிரம்ஸ் இறங்கியது. வலது பக்கம் திரும்பிப் பார்த்தேன். மிச்சத்தைக் கொடுக்க ஆள் இல்லை.