லூர்து டாக்டரும் என் சாம்பிராணிப் புகையும்

சலூனில் ஒரு பக்க மீசைக்கு மை போட்டிருந்த நேரம், நங்கநல்லூரிலிருந்து மகள் கவிதா போன் செய்தாள். "அப்பா, லூர்து டாக்டர் போயிட்டாங்கப்பா." அப்படியே எழுந்து சாந்தோமுக்கு ஓடினேன். கண்ணாடிப் பெட்டியருகே குனிந்தபோதுதான் அதில் என் முகம் தெரிந்தது: பாதி மீசை கறுப்பு, பாதி வெள்ளை. கண் திறந்திருந்தால் முதலில் அதைத்தான் கேட்டிருப்பார்.

அவரிடம் பிரசவம் பார்த்துக்கொண்ட குடும்பங்களுக்குத் தெரியும், பெண்ணைப் பெற்ற அப்பன் எவனானாலும் அவருக்கு 'நைனா'தான். சாந்தோமிலேயே பிறந்து வளர்ந்தவர். எங்களிடம் எங்கள் பேச்சுதான் பேசுவார்.

சில வருடம் முன்பு கவிதாவுக்கு அவரிடம் சிசேரியன் முடிந்து, மந்தைவெளியில் எங்கள் வீட்டுக்கு வந்தபின் ஜுரம் கண்டது. பால் கட்டியிருக்கும் என்றார்கள் வீட்டுப் பெண்கள், நானும் தலையாட்டினேன். அறையில் ஒரு துர்வாடை. பத்தாவதோடு நின்ற என் மூளைக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் சாம்பிராணி. வேளை தவறாமல் போட்டேன். ஜுரம் இறங்கவில்லை, அடிவயிற்றைத் தொட்டாலே அழுதாள். டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

"இன்னா நைனா, பொண்ண இட்டுக்கினு வந்தியா, கோயில இட்டுக்கினு வந்தியா? யாரு இவ்ளோ புகை போட்டது?"

"வாடை வந்துச்சு டாக்டர், அதான்..."

அவர் சிரிப்பு நின்றது. "அந்த வாடைதான்யா எனக்குச் சேதி சொல்லும். அதப் போயி மூடிட்டியே."

கர்ப்பப்பையில் தொற்று. விட்டால் ரத்தத்தில் பரவி உயிருக்கே ஆபத்து என்று மறைக்காமல் சொன்னார். அன்றே படுக்கவைத்து, இரண்டு ஆன்டிபயாடிக் மருந்துகளை நரம்பு வழியாக ஏற்றினார்கள். குழந்தைக்குப் பாலும் கொடுக்கலாம் என்றார். நான் கட்டிலோரம் நின்று மகள் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். "தெர்மாமீட்டர் எங்ககிட்ட கீது நைனா" என்று வெளியே அனுப்பினார்.

ஜுரம் விட்டது, வலியும் விட்டது. ஒரு முழுநாள் திரும்பாமல் இருந்ததும் மருந்தை நிறுத்தி, வீட்டுக்குப் போகலாம் என்றார். மாத்திரை ஏதும் எழுதவில்லை. நான் பதறிப்போனேன். "கையில ரெண்டு மாத்திரையாவது குடுங்க டாக்டர்."

"இவளுக்கு நரம்புல போனதே போதும். ஜுரம் திரும்புனா ஓடியா. உன் பயத்துக்கு அவ ஏன்யா மாத்திரை முழுங்கணும்?"

இன்றும் மருந்துக்கடை வாசலில் என் கால் தயங்கினால், அந்தக் குரல்தான் உள்ளே நுழையவிடாமல் என்னைக் கடையைத் தாண்டித் தள்ளிக்கொண்டு போகிறது.

கிளம்பும்போது கேட்டார்: "பெத்தவளே தைரியமா கீறா. உனக்கு இன்னாத்துக்கு இவ்ளோ நடுக்கம்?"

"பேத்தி பாலுக்கு அழுதா நான் எங்க போவேன் டாக்டர்?" என்றேன். வாய்விட்டுச் சிரித்தார்.

என்னைப் பெற்ற சில நாளிலேயே அம்மா ஜுரம் கண்டு, பிரசவ ஜன்னியில் போனாள் என்றுதான் வீட்டில் சொல்வார்கள். அதுவும் இதுவும் ஒன்றுதான் என்று அப்போது எனக்குப் புரிந்திருந்தது. அதை மட்டும் அவரிடம் நான் சொல்லவில்லை.