உள்ளங்காலைப் பார்க்க ஓர் ஆள்

தனியாக இருக்கிற மனிதனுக்குத் தன் உள்ளங்காலோடு பழக்கமே இல்லை. முகத்தையாவது சவரம் செய்யும்போது பார்க்கிறான். என் உள்ளங்காலை முதலில் பார்த்தது, கோயிலில் எனக்குப் பின்னால் நின்ற ஓர் அம்மா. நான் விழுந்து கும்பிட்டு எழும்ப, மெல்லச் சொன்னார்:

"தம்பி, காலில தார் ஒட்டிக் கிடக்கு."

வீட்டுக்கு வந்து மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தேன். தார் போகவில்லை, தோல்தான் போனது. குதிக்காலுக்குப் பக்கத்தில் ஓர் அடையாளம். ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் மண்ணிறம், ஓரம் பிய்ந்த மாதிரி.

வேறு ஊரில் பயந்திருப்பார்கள். எங்கள் முரசுமோட்டையில் நான் சந்தோஷப்பட்டேன். சண்டைக் காலத்தில் அந்தக் காலில் பாய்ந்த செல் குண்டின் துண்டு எடுபடாமலே கிடந்தது. இங்கே பலருக்கு உடம்பில் இப்படி இரும்பு உண்டு. சிலருக்கு அது வருடங்கள் கழித்துத் தானாக மேலே வரும். பக்கத்து வளவு அண்ணைக்குத் தோளால் வந்தது. அவர் என் காலைத் தூக்கிப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார்:

"ஓம், துண்டுதான் வருது. நோண்டாதை. வாற நேரம் வரும்."

மனைவி செத்தபிறகு என் வீட்டுக்கு வருவதாகச் சொன்ன ஒரே விருந்தாளி அந்தத் துண்டுதான். காத்திருந்தேன். விதைப்புப் போய் அறுவடையும் முடிந்தது. விருந்தாளி வரவில்லை. அடையாளம் அகலமாகிக் கசியத் தொடங்கியது.

கிளிநொச்சியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். இளம் டொக்டர் படத்தைக் காட்டினார்.

"ஐயா, உங்கட துண்டு முழங்காலுக்குக் கிட்ட சுகமா இருக்கு. இது வேற."

வெளிச்சம் உள்ள பூதக்கண்ணாடியால் பார்த்தார். கொஞ்சம் சதை வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பினார். மெலனோமா என்று மறுமொழி வந்தது. தோலுக்கு நிறம் கொடுக்கும் கலங்களில் வருகிற புற்றுநோயாம்.

"இந்தக் கரிச்சட்டித் தோலுக்குமோ? அது வெள்ளைக்காரற்ற வருத்தமெல்லோ, பிள்ளை?"

"எங்கட ஆக்களுக்கு உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்குக் கீழ வாறது ஐயா. துவக்கத்தில நோகாது. அதாலதான் எல்லாரும் பிந்தி வாறவை."

யாழ்ப்பாணத்தில் சத்திரசிகிச்சை. சுற்றியிருந்த நல்ல தோலையும் சேர்த்து வெட்டி, தொடைத் தோலை எடுத்து ஒட்டினார்கள். நோய் பரவியதா என்று பார்க்கக் கவட்டில் ஒரு நிணநீர்க்கணுவையும் எடுத்தார்கள்.

"ஆர் உங்களோட நிக்கிறது?" என்று தாதி கேட்டார்.

"துண்டு நிக்குது, பிள்ளை."

அவர் சிரிக்கவில்லை. கனடாவில் இருக்கிற மகளுக்கு நான் சொல்லவில்லை. பக்கத்துக் கட்டில்காரரைச் சுற்றி நின்று சொந்தக்காரர் சோறு குழைத்துக் கொடுத்தார்கள். நான் சுவர்ப்பக்கம் திரும்பி, நித்திரைபோலக் கிடந்தேன்.

கணுவில் ஒன்றும் இல்லையாம். ஆனால் திரும்ப வரக்கூடும். மாதாமாதம் இரண்டு உள்ளங்காலையும் வீட்டில் ஆருக்காவது காட்டச் சொன்னார் டொக்டர். வீடு நிறைய ஆள் இருப்பதுபோல் தலையாட்டிவிட்டு வந்தேன்.

முதல் மாதம் முகக்கண்ணாடியை நிலத்தில் வைத்துக் குனிந்தேன். பிடரி பிடித்ததுதான் மிச்சம். அடுத்த மாதம் மகள் வீடியோ அழைப்பில் எடுத்தபோது காலைத் தூக்கிப் போனுக்கு முன்னால் பிடித்தேன்.

"என்னப்பா இது? முகத்தைக் காட்டுங்கோ!"

"முகத்தில பார்க்க ஒண்டுமில்லை. காலைப் பார்."

"அதென்ன, ஒட்டுப் போட்டமாதிரி?"

சொன்னேன். கால் விறைக்கத் தொடங்கியது. இறக்கப் பயமாக இருந்தது.

"கிட்டக் கொண்டுவாங்கோ," என்றாள். மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "இன்னும் கிட்ட. சரி. மற்றக் கால்?"